சாத்திய ஜன்னல்

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தை முடிச்சூர்வாசிகள் மறக்க மாட்டார்கள். அடையாறு கரை புரண்டு வந்து, தெருக்களில் படகு போயிற்று. அன்று யாரும் யாரிடமும் அநுமதி கேட்கவில்லை. பேச்சுவார்த்தை முறிந்திருந்த குடும்பங்கள்கூட ஒரே மாடியில் ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தன.

அதே தெருவில் 2020 ஏப்ரல். மார்ச் 25 முதல் ஊரடங்கு. தாம்பரத்து மின்சார ரயிலும் நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் ஓர் இரவு பின்வீட்டில் பாத்திரம் உருண்டது. பிறகு பளீரென்று ஓர் அறை. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“போய்க் கேளுங்களேன்” என்றாள் என் மனைவி.

“ஊரடங்கு. வெளியே போகக் கூடாது” என்று ஜன்னலைச் சாத்தினேன். எப்பேர்ப்பட்ட சட்ட பக்தி! அன்று காலையில்தான் முருங்கைக்காய்க்காக மூன்று தெரு சுற்றியிருந்தேன்.

மறுநாள் அந்தப் பெண் மதில் ஓரம் வந்து கறிவேப்பிலை கேட்டாள். “ராத்திரி நீங்க ஜன்னல் சாத்தற சத்தம் கேட்டுதுக்கா” என்றாள் என் மனைவியிடம். வேறு எதுவும் சொல்லவில்லை.

எல்லாம் குடியால் வருவது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். மார்ச் 24 மாலையிலிருந்து மே 7 வரை டாஸ்மாக் கடைகள் மூடித்தானே இருந்தன? தேசிய மகளிர் ஆணையத்துக்குப் புகார்கள் பெருகியது அந்த நாட்களில்தான். ஏப்ரல் 10-ஆம் தேதி ஆணையம் வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்தது. அடிக்கிறவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கையில் அவள் எப்படித் தொலைபேசியில் வாய்திறப்பாள்?

‘அடுத்த வீட்டு விவகாரம்’ என்பதை நாம் பண்பாடு என்று நினைக்கிறோம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு நியாயமான பயமும் இருந்தது. நான் தட்டிவிட்டு வந்துவிடுவேன். அவள் அவனோடுதானே இருக்க வேண்டும்? தாய்வீடு போக பஸ் கிடையாது. என் கேள்விக்கும் சேர்த்து அவள் அடி வாங்கினால்? நாலைந்து வருஷமாக இதை யோசிக்கிறேன். விசாரணை செய்யவா என்னைக் கூப்பிட்டார்கள்? ஓங்கிய கை ஒரு நிமிஷம் இறங்க வேண்டும், அவ்வளவுதான். தலைவலித் தைலம் இருக்கிறதா என்று கேட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு புட்டி இருந்தது, இருந்தால் என்ன?