எண்ணும் வெற்றியும்

தனியொருவர் ஆற்றலை எண்ணால் அளந்துவிடலாம். பலர் கூடி ஈட்டிய வெற்றியில் அவருக்குரிய பங்கையும் அவ்வெண்ணாலேயே அளந்துவிடலாகுமோ? விளையாட்டுத் திடலில் எழும் இவ்வினா, அறத்தின் வாயிலையும் தட்டுகின்றது.

கனடா நாட்டுக் காற்பந்தாட்டம் பெயரளவில்தான் காற்பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறியப்பட்ட பந்தைப் பற்றி முன்னேறுவதுமே அதன் உயிர். ஒவ்வொருவரும் கடந்த தூரம் கெஜக் கணக்கில் பதிவாகும். 1994ஆம் ஆண்டுத் தொடராட்டங்களில் பால்டிமோர் அணியின் மைக் பிரிங்கிள் 1,972 கெஜம் ஓடினார். கால்கரி அணியின் ஆலன் பிட்ஸ் பந்தைப் பற்றி 2,036 கெஜம் கடந்தார். இரண்டும் அதுவரை எவரும் எட்டாத அளவுகள். ஆயினும் பிரிட்டிஷ் கொலம்பியா அணி, கால்கரியை 37க்கு 36 என்றும், இறுதியாட்டத்தில் பால்டிமோரை 26க்கு 23 என்றும் வென்று கிரே கிண்ணத்தைக் கைக்கொண்டது. மறு ஆண்டு பிரிங்கிள் ஓடிய தூரம் குறைந்தது. கிண்ணமோ அவர் அணிக்கு வந்தது.

இதன் காரணம் வியப்புக்குரியதன்று. முந்தி நிற்கும் அணி, நேரத்தைப் போக்கப் பந்தை ஏந்தி ஓடும். பின்தங்கிய அணி, நேரத்தை மிச்சப்படுத்தப் பந்தை எறியும். எனவே மிகுந்த ஓட்டம் வெற்றியின் விளைவாகவும், மிகுந்த பற்றல் தோல்வியின் அடையாளமாகவும் அமைதல் கூடும். மேலும், எதிரியைத் தம் உடலால் தடுத்து வழிவிட்டவர்க்கு ஒரு கெஜமும் எழுதப்படுவதில்லை.

மலேசியரும் இவ்வுண்மையைக் கண்டவரே. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2க்கு 1 என வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு மலேசியா தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். கோல் கம்பத்தைக் காத்த ஆறுமுகத்தின் கணக்கில் கோல் ஏது? அவர் தடுத்ததனால் விழாத கோல்களை எந்த ஏட்டில் எழுதுவது? புறக்கணிப்பின் காரணமாக அவ்வணி மாஸ்கோ செல்லவில்லை. எனினும் மக்கள் அவ்வணியை மறந்தாரல்லர். பதக்கம் என்னும் கணக்கும் மதிப்பின் முழு அளவாகாது என்பதற்கு இதுவே சான்று.

கூலாய் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இது புதிய பாடமன்று. கணக்கில் எழுதப்படுவது, பால் வெட்டியவர் கொணர்ந்த பாலின் எடையே. மரத்தின் வயதும், முந்திய இரவின் மழையும், களை எடுத்தவர் உழைப்பும், விடியுமுன் எழுந்து உணவு சமைத்த தாயின் கைகளும் அவ்வெடையுள் மறைந்து நிற்கும்.

அவ்வாறாயின் எண்கள் பொய்யோ? அல்ல. உழைப்பைப் பதியாத இடத்தில் உழைப்பவர் எளிதில் ஏமாற்றப்படுவர். எண் மெய்யே, முழுமெய்யன்று. திருக்குறளில் படைமாட்சி முன்னும், தனிவீரர் பெருமிதம் பேசும் படைச்செருக்குப் பின்னும் வைக்கப்பட்டுள்ளமை எண்ணத்தக்கது. படையின் சிறப்பை உணர்ந்த பின்னரே வீரனின் செருக்கு அழகு பெறுகின்றது.

வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவனைப் பாராட்டும் ஆசிரியர், அவனுக்கு ஐயம் தீர்த்த தோழனையும் தேடிக் காணல் வேண்டும். எண்ணப்பட்டவரைப் போற்றுதல் நீதி. எண்ணப்படாதவரையும் நினைத்தலே அறம்.