பின்னால் நீண்ட கை

காட்டுப்பள்ளியின் கழிமுகப் பக்கம் ஒரு காலையில் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. படகில் இரண்டு பேர். அணியத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். பின்னால் இருந்தவர் வலைக்கயிற்றின் நுனியை அந்த உள்ளங்கையில் வைத்தார். கை மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

கரையில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "அவங்க மாமன் மச்சான், தம்பி. ரெண்டு வருசமா முகம் குடுத்துப் பேசறதில்ல."

காரணம் காட்டுப்பள்ளித் துறைமுகம். ஒருவருடைய மகன் அங்கே ஒப்பந்த வேலைக்குப் போகிறான். மற்றவர், விரிவாக்கம் கூடாது என்று முன்வரிசையில் நிற்பவர். அப்புறம் எப்படி ஒரே படகில் என்று கேட்டேன். "பேச்சு இல்லன்னா தொழிலும் இல்லன்னு ஆயிடுமா?" என்றார்.

நான் அங்கே போனதே ஒத்த கருத்துள்ளவர்களைத் தேடித்தான். சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தபோது, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் இந்த மணல்திட்டு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டவர்கள் சென்னையிலும் நிறைய. 2021 ஜனவரி 22க்கு வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5க்கு வைத்ததும் தள்ளிப்போனது. அந்த நாட்களில் கிடைத்த நண்பர்கள் எனக்குப் பெரிய பலம். ஒரு சொல் சொன்னால் மறுசொல் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் கை. கயிறு தயாராகும் முன்பே நீண்ட கை. வந்து சேரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. என் நண்பர்களில் யாரிடம் நான் அப்படித் திரும்பிப் பார்க்காமல் கை நீட்டுவேன்?

பள்ளி நாட்களில் பத்திரிகைகளில் 'பேனா நண்பர்கள்' பகுதி வரும். பெயர், வயது, பொழுதுபோக்கு. தபால்தலை சேகரிப்பும் புத்தகமும் எனக்குப் பிடித்தவை என்பதால், அதையே எழுதியிருந்த திருநெல்வேலிப் பையன் ஒருவனுக்குக் கடிதம் போட்டேன். வருஷக்கணக்காக எழுதிக்கொண்டோம். ஒரு கோடை விடுமுறையில் வீட்டுக்கே வந்தான். மத்தியானத்துக்குள் பேச்சு தீர்ந்துபோனது. இரண்டு பேருக்கும் ஒன்றே பிடித்திருந்ததால், ஒருவனுக்குத் தெரியாதது மற்றவனிடம் அதிகம் இல்லை.

அதே வருஷம்தான் தமிழ் வகுப்பில் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். நேரில் பார்க்காமலே நட்பு, அரசன் உயிர்விட வடக்கிருந்தபோது நண்பனுக்கு இடம் விட்டு வைக்கச் சொன்னான், அவரும் வந்தார். ஐயா கண் கலங்கப் பாடம் நடத்தினார். கதையின் இன்னொரு பாதி அப்போது மனசில் ஏறவில்லை. அந்த அரசன் வடக்கிருந்ததே பெற்ற பிள்ளைகளோடு மூண்ட பகையால்தான். மனம் ஒத்த நண்பர் கூடவே சாக வந்தார். பிள்ளைகளோடு வாழ என்ன வழி? அதைப் பற்றி எந்தத் தேர்விலும் கேள்வி வரவில்லை.

மனம் ஒவ்வாதவர்களோடு வாழ, காட்டுப்பள்ளியை அடுத்த பழவேற்காட்டுக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பாடு முறையைச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரி முழுக்க இறால் ஒன்றுபோல் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் வலை கட்டினால் நல்ல வரத்து. எல்லோரும் ஒரே நாளில் அங்கே இறங்கினால் அடிதடிதான். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் மாறி மாறி வரும். பக்கத்து வலைக்காரனை உனக்குப் பிடிக்குமா என்று அந்தச் சீட்டு கேட்பதில்லை.

அதையும் கொண்டாடித் தீர்த்துவிட முடியாது. பாடு முறையில் இடம் பரம்பரையாகச் சிலருக்குத்தான். பக்கத்து ஊர்கள் உரிமை கேட்டு மோதியதும் உண்டு. பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை.

ஆக, மனம் ஒத்தவர்களைத் தேடிப் போவதா, வாய்த்தவர்களோடு முறை வைத்து வாழ்வதா? என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. கருத்து ஒன்றியவர்கள் கூடாமல் இருந்திருந்தால் காட்டுப்பள்ளியின் குரல் சென்னைவரை கேட்டிருக்காது. அந்தக் கூட்டம் எனக்கு வேண்டும். ஆனால் நாங்கள் கூட்டம் முடிந்து பஸ் ஏறிய பிறகு, அதே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அந்த மாமனும் மச்சானும்தான்.

அங்கே போகிற நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டு வாசலிலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், போதும்.