ஆட்டுக்குட்டியும் அனுமதியும்

நம் சங்கத்துச் சகோதரர்களில் பலர் கடைக்காரர்கள். சிலர் மளிகை, சிலர் ஜவுளி, பலர் உணவுக்கடை. ஆடு நமக்குப் பெரும்பாலும் கறியாகவோ குர்பானிக் கிடாவாகவோதான் பழக்கம். ஆகவே வீட்டில் வளர்த்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுத வந்ததற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். விஷயம் சிறியது. ஆனால் வெகு நாளாக நெஞ்சில் கிடந்து உறுத்துகின்றது.

ஈப்போவுக்கு வடக்கே செம்மோர்ப் பக்கம் நம் வீடு. முன்பு ரப்பர்த் தோட்டமாயிருந்து, இப்போது பாதி செம்பனையும் பாதி வீடுகளுமாய் ஆகிவிட்ட நிலத்தின் ஓரம். பழைய லயத்துப் பெரியவர் ஒருவர் இன்றும் அங்கே சில வெள்ளாடுகள் வைத்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய ஆடொன்று ஈன்ற மூன்றாம் நாள் இறந்துவிட்டது. தாயற்ற இரண்டு கிடாக்குட்டிகளையும் நம் இளைய மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள், வாங்கினோம். விற்பதற்கும் அல்ல, அறுப்பதற்கும் அல்ல. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள்.

குட்டிகள் வந்த அன்றே கேள்விகளும் வந்துவிட்டன. காயடிப்பதா, விடுவதா? கொம்பை முளையிலேயே சுட்டுவிடுவதா? கட்டிப்போட்டுத் தழை போடுவதா, அவிழ்த்து மேய விடுவதா?

மத்ரஸாவில் நாலு எழுத்து படித்தவர்கள் நாம். ஆகவே முதலில் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டோம். காயடிப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டா? அவர் பொறுமையாக விளக்கினார். பிராணிக்கும் மனிதருக்கும் அதில் பயன் உண்டு என்பதால் தவறில்லை என்று ஹனபி நூலாகிய ஹிதாயா கூறுகின்றது. ஷாபிஈ மத்ஹபிலே, உண்ணத் தகுந்த பிராணியாயிருந்து, அதுவும் சிறு வயதிலே செய்தால் ஆகும் என்று இமாம் நவவீ அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களோ படைப்பின் முழுமையைக் குறைப்பதை வெறுத்தார்கள் என்று முவத்தாவில் வருகின்றது. நாயகம் (ஸல்) அவர்கள் குர்பானி கொடுத்த இரண்டு கிடாக்களும் கொம்புள்ளவை, காயடிக்கப்பட்டவை என்றும் ஹதீஸ் இருக்கின்றது.

ஜாயிஸ் என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அதற்குமேல் யோசிக்கவில்லை. இங்கேதான் நாம் தவறினோம்.

பெரியவர் நம்மிடம் சொன்னது: “அவசரம் வேணாம் பாய், மூணு மாசம் போகட்டும்.” அதற்குக் காரணம் உண்டு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். மிகச் சிறிய வயதில் காயடித்துவிட்டால் மூத்திரக்குழாய் விரிந்து வளராமல் ஒடுங்கிப்போகும். பிறகு சோறும் தானியமும் தின்கிற கிடாவுக்குக் கல்லடைப்பு வந்து, நீர் பிரியாமல் துடித்துச் சாகும். (உணவுக்கடைச் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் பாசத்தோடு வாளி வாளியாக ஆட்டுக்கு வைக்கிறவர்களை நாம் அறிவோம். வயிறு புளித்து உப்பி ஒரே நாளில் சாய்ந்துவிடும். அது பாசமா, வாளியைக் காலி செய்கிற வழியா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.)

நாம் ஏன் பொறுக்கவில்லை? ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் சரக்கு வந்து இறங்கும் காலம், வீட்டு வேலையெல்லாம் அதற்குமுன் முடிந்துவிட வேண்டும் என்று எண்ணினோம். ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, மூன்று வாரக் குட்டிகளில் ஒன்றுக்கு ரப்பர் வளையம் மாட்டச் செய்தோம். இன்னொன்று அன்றைக்குக் கழிந்துகொண்டிருந்ததால் அதை விட்டுவைத்தோம். வளையம் மாட்டினால் இரத்த ஓட்டம் நின்று, சில வாரங்களில் அது தானாகக் காய்ந்து உதிரும். ரத்தமில்லை, கத்தியில்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் உதிருகிற இடத்தில் புண் உண்டு, புண்ணிலே மண் படும், மண்ணிலே ரணஜன்னிக் கிருமி இருக்கும். அதற்கு முன்னதாக ஊசி போட வேண்டும் என்பதை நாம் விசாரிக்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் குட்டியின் வாய் திறக்கவில்லை. கால்கள் நாலும் மரக்கட்டையாய் விறைத்து நின்றன. புட்டியைக் கொண்டுபோன பிள்ளை அழுதுகொண்டு ஓடி வந்தாள். மறுநாள் ஸுபுஹுக்கு முன் அது இறந்துவிட்டது.

“ஹஜ்ரத் சரின்னு சொன்னாங்கன்னு சொன்னீங்களே அத்தா, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?” என்று கேட்டாள். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்ல வாயெடுத்தோம். அது உண்மையான சொல்தான். ஆனால் அந்த நேரத்தில், நம் அவசரத்தின்மேல் போர்த்துவதற்காக அதை எடுக்கிறோம் என்பது நமக்கே தெரிந்தது. சொல்லவில்லை. பெரியவரும் வந்து பார்த்தார். “ஊசி போட்டீங்களா பாய்?” என்று மட்டும் கேட்டார்.

சகோதரர்களே, நம் கடைச் சுவரிலே லைசென்ஸ் தொங்குகின்றது. தராசு சரியாயிருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகுமா? அனுமதி என்பது வாசலைத் திறந்துவிடுவது. உள்ளே போய் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது வேறு கணக்கு. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு வேதனையைக் குறைக்கக் கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. அறுப்பதற்கே அந்த நிபந்தனை என்றால், அறுக்காமல் வைத்துக்கொள்வதற்கு எவ்வளவு வேண்டும்? நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 2015-ம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டப்படி கொடுமை செய்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

அப்படியானால் மற்றக் குட்டியை அப்படியே விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நாமும் அப்படித்தான் எண்ணினோம். நாலாம் மாதம் நாற்றம் எடுக்கத் தொடங்கியது. தன் மூத்திரத்தைத் தானே முகத்தில் அடித்துக்கொண்டு, கட்டைப் பிய்த்துப் பெரியவரின் மந்தைக்கு ஓடி, பெற்ற தாய்க்கும் கூடப்பிறந்ததற்கும் வித்தியாசம் பாராமல் முட்டியேறுவது கிடாவின் இயல்பு. பிள்ளை கிட்டே போக முடியவில்லை. காயடிக்காவிட்டால் ஆயுள் முழுதும் குட்டைக் கயிற்றில் தனியே கட்டிக்கிடக்க வேண்டியதுதான். அதுவா இரக்கம்? கால்நடை வைத்தியரைக் கொண்டு, ஊசி போட்டு, தோல் கிழியாமல் இடுக்கியால் நரம்பை நசுக்கும் முறையில் செய்வித்தோம். இதில் ஆட்டுக்கும் பங்குண்டு என்று மனம் ஒப்பியது.

கொம்பு விஷயத்தில் அப்படி ஒப்பவில்லை. முதல் வாரத்திலேயே பழுக்கக் காய்ச்சிய இரும்பால் முளையைச் சுட வேண்டும். வெள்ளாட்டுக்குட்டியின் மண்டையோடு மெல்லியது, சூடு ஒரு விநாடி அதிகமானால் மூளையைத் தாக்கும். வளர்ந்தபின் அறுத்தாலோ கொம்பின் உள்துளை நெற்றியறை வரைக்கும் திறந்து நிற்கும், நம் ஊர் ஈயும் மழையும் அதற்குப் போதும். உடம்புச் சூட்டை வெளியேற்றுவதற்கும் கொம்பு உதவுகின்றது. இத்தனையும் யாருக்காக? நம் கை கால் குத்துப்படாமலிருக்க. நுனியில் ரப்பர்க் குழாய்த் துண்டு மாட்டினோம், முடிந்தது.

மேய்ச்சலில் நம் எண்ணமே தலைகீழாயிற்று. பூனையைக் கட்டிவைத்து, தீனியும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணின் வரலாற்றைப் பிள்ளைப் பிராயத்திலே கேட்டிருக்கிறோம். ஆகவே அவிழ்த்து விடுவதே புண்ணியம் என்று நினைத்தோம். பெரியவர் தடுத்தார். அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டத்துப் புல்லுக்கு ஆர்சனிக் மருந்து அடிப்பார்களாம். பிறகு வந்த பராகுவாட்டுக்கு 2020-ல்தான் இந்நாட்டில் தடை வந்தது. இன்றும் செம்பனைக்கடியில் என்ன அடித்திருக்கிறார்கள் என்பது ஆட்டுக்குத் தெரியாது. விடியற்காலைப் பனிப்புல்லில் குடற்புழு ஏறி நிற்கும், வெயில் ஏறிய பிறகே விட வேண்டும். உண்ணிச்செடி ஆகாது. மரவள்ளித்தழையை வாடவைத்தே போட வேண்டும். வெள்ளாடு புல்லைவிடத் தழையையும் பட்டையையும் விரும்பும், அடுத்தவர் மரத்தையும் உரித்துவிடும். இப்போது காலால் உயர்த்திய பலகைக் கொட்டிலில் அடைத்து, பகலில் நாலு மணி நேரம் பிள்ளையோ நாமோ கூடவே நின்று மேய்க்கிறோம். நபிமார் அனைவரும் ஆடு மேய்த்தவர்கள் என்பதன் பொருள், கடைக்குத் தாமதமாகப் போகிற நாட்களில் கொஞ்சம் விளங்குகின்றது.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நண்பர் ஒருவர் வந்தார். ஷாபிஈக்காரர், இரண்டு வயது நிரம்பிய வெள்ளாட்டுக் கிடா தேடிக்கொண்டிருந்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார், காதைத் தடவிப் பார்த்தார். அடையாளத்துக்காகக் காது நறுக்கப்பட்டிருந்தால் அவர் மத்ஹபில் கூடாது. வளையம் மாட்ட வந்த ஆள் காதையும் நறுக்கித் தருவதாகச் சொன்னதும், நாம் வேண்டாமென்றதும் நினைவுக்கு வந்தது. நல்ல விலை சொன்னார். பிள்ளை கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நண்பரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், கம்பார்ப் பக்கம் அழைத்துப்போய் வேறொரு கிடா வாங்கிக் கொடுத்தோம். கொழுத்த கிடா, காயடித்தது. எந்த வயதில், யார், எப்படிச் செய்தார் என்று நாம் கேட்கவில்லை. வண்டியில் ஏற்றித் திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது.