வெளிச்சவீடும் திருவருளும்

தலதா மாளிகையின் அந்திப் பூசைக்கு முழங்கும் மேளமும், கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்து மணியோசையும் ஒரே மாலைப் பொழுதில் எழுகின்ற கண்டியில் வாழும் சைவனொருவன், ஞானாசிரியன் என்பவன் வழியைக் காட்டிவிட்டு நின்றுவிடுபவனா, அன்றிக் கூடவே வருபவனா என்ற வினாவை நெடுநாள் தவிர்த்திருத்தல் இயலாது. ததாகதர்கள் வழியை உணர்த்துவோர் மாத்திரமே, முயற்சி அவரவர் கடன் என்பது தம்மபதத்தின் நிலை. சைவ சித்தாந்தமோ, இறைவன் ஆன்மாவுக்குச் செய்வதைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாகக் கூறும். இவற்றிடையே உள்ள வேறுபாட்டை, பேராதனையைத் தழுவியோடும் மகாவலி கொட்டியாரக் குடாவிலே சென்று கலக்கும் அந்தச் சமுத்திரத்தை வைத்தே எண்ணிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்கீழ்க் கரையில் கிரிந்தைக்கு அப்பால், சிங்கள மக்கள் மகா இராவணன் கோட்டை என வழங்கும் பாறைத்தொடரின்மேல், ஸ்கொத்லாந்துக் கருங்கல்லால் எழுப்பப்பெற்று 1873இல் முதன்முதல் ஏற்றப்பட்ட வெளிச்சவீடு நிற்கிறது. அது நிற்குமிடமே கப்பல் அணுகக்கூடாத இடம். ஒளியைக் கண்ட ஆனந்தத்தில் அதை நோக்கியே கப்பலைச் செலுத்துபவன் பாறையில்தான் மோதுவான். கண்டால் மட்டும் போதாது. எத்தனை விநாடிக்கு ஒருமுறை, எத்தனை மின்னல் என்று கடிகாரத்தைப் பிடித்து எண்ணி, அட்டவணையோடு ஒப்பிட்ட பின்னரே, இருளில் மின்னுவது எந்த விளக்கு என்று மாலுமி நிச்சயிக்கிறான்.

மிதவைகளின் பாஷை இன்னும் நுட்பமானது. கறுப்பும் மஞ்சளும் பூசிய மிதவையின் உச்சியில் இரு கூம்புகளும் மேல்நோக்கி நின்றால் அதற்கு வடக்கே செல்லவேண்டும். இரண்டும் கீழ்நோக்கினால் தெற்கே. நம் துறைமுகங்களுள் நுழையுங்கால் இடப்புறம் இருக்கவேண்டிய சிவப்பு மிதவை, அமெரிக்கக் கரைகளில் வலப்புறம் இருக்கும். எந்தக் கடலின் சம்பிரதாயம் என்றறியாதவனுக்கு அதே நிறம் அபாயமாக முடியும். சாஸ்திர வாக்கியங்களைச் சம்பிரதாயத்தினின்று பிரித்தெடுத்து ஓதுவோர் இதைச் சிந்திப்பது நன்று. மேலும், சங்கிலியால் பிணிக்கப்பட்ட மிதவை நீரோட்டத்தோடு அசைவது. புயலில் இடம் பெயர்வதும் உண்டு. ஆதலால் அனுபவமுள்ள மாலுமி அதனை மாத்திரம் நம்பாமல், கரையிலுள்ள நிலையான அடையாளங்களோடு சரிபார்த்துக்கொள்வான்.

இவையனைத்தும் காட்டும் உபகாரமே. விளக்கு குறைவின்றி எரிந்துகொண்டிருக்க, கப்பலில் களைத்துப்போன காவலாளி கண் திறந்திருந்தும் அதனைக் காணாதிருந்தால், அவனைத் தொட்டு எழுப்பக் கோபுரத்துக்குக் கையில்லை. அந்த விழிப்பை அவனே பேண வேண்டும் என்கிறது பௌத்தம். அருள் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி உறங்கும் நம்மவர்க்கு அக்கண்டிப்பான உபதேசம் அவசியம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும், ஆன்மா கண்ணோடு கூடி நின்று காட்டித் தானும் காண்பதுபோல, இறைவன் ஆன்மாவோடு கூடி நின்று காட்டித் தானும் காண்கிறான் என்னும் சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தின் கருத்தை உள்ளத்திற் கொள்ளும்போது, உறக்கம் கண்ணை அழுத்தும் பின்னிரவில் அக்காவலாளி திடுக்கிட்டு நிமிர்ந்து, மின்னலை எண்ணத் தொடங்கும் அந்தக் கணத்தை அவனுடைய சாமர்த்தியம் மாத்திரம் என்று கணக்கெழுத என் மனம் ஒருப்படவில்லை.