அஸ்ஸனுக்குப் பிறகு

வாலன்டினோ ரோஸ்ஸி கடைசியாக மோட்டோஜிபி பைக் பந்தயம் ஒன்றை ஜெயித்தது 2017 ஜூன் 25 அன்று, நெதர்லாந்தின் அஸ்ஸன் களத்தில். அவருக்கு அப்போது 38 வயது. தூறலில் வழுக்கிய தடத்தில் பெட்ரூச்சியை 0.063 விநாடியில் முந்தினார். எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து அது 115ஆவது வெற்றி. அதற்குப் பிறகும் 2021 நவம்பர் வரை, ஏறக்குறைய நாலரை வருடம் ஓட்டினார். ஒருமுறைகூட முதலில் வரவில்லை. ஒன்பது உலகப் பட்டம் வாங்கியவருக்கு அந்தக் கடைசி வருடங்கள் தேவையே இல்லை என்பவர்கள் பலர். அவர் எல்லாரையும் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கும் அவரைப் பிடித்துப்போனது. ஆனால் அவருடைய ரசிகன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு அஸ்ஸனுக்குப் பிறகுதான் வந்தது என்று நினைக்கிறேன்.

என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் சோழவரம் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவர். பழைய விமான ஓடுதளத்தில் வண்டிகள் கிளப்பிய புழுதியைப் பற்றி இன்றைக்கும் கண் விரியச் சொல்வார். ரோஸ்ஸி பத்தாவதும் பன்னிரண்டாவதுமாக வந்துகொண்டிருந்த நாட்களில் அவர் சொன்னது: “பேரு இருக்கும்போதே எறங்கிடணும் தம்பி. நேத்து வந்த பசங்கல்லாம் தாண்டிப் போறானுங்க. பாக்கவே சங்கடமா இருக்கு.” இத்தனைக்கும் அவர் பட்டறைக் கதவில் மஞ்சள் நிற 46 ஸ்டிக்கர் இருக்கிறது. ரோஸ்ஸிக்கு அந்த எண் அப்பா கிராட்சியானோவிடமிருந்து வந்தது. மகன் பிறந்த 1979இல், அப்பா தன் முதல் கிராண்ட் பிரீ வெற்றியைப் பெற்ற வண்டியில் இருந்த எண் அது. உலகச் சாம்பியன் 1 என்ற எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ரோஸ்ஸி கடைசிவரை 46ஐ விடவில்லை.

அண்ணன் சொன்னதைத்தான் நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கிரிக்கெட் ஆட்டக்காரரோ நடிகரோ, மவுசு குறைவதற்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். அது யாருடைய நலனுக்கான சட்டம் என்று யோசித்தால் எனக்கு உறுத்துகிறது. நம் மனதில் இருக்கும் படம் கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு மனிதர் தனக்கு உயிரான வேலையை விட்டுவிட வேண்டுமா?

பத்தாவது இடத்தில் ஓடுபவரைப் பின்தொடர்வது லேசுப்பட்ட காரியமில்லை. கேமரா முன்னால் ஓடும் நாலைந்து பேரைத்தான் காட்டும். திரையின் ஓரத்தில் மேலும் கீழுமாக நகரும் பெயர்ப் பட்டியலில் ஆர்-ஓ-எஸ் என்ற மூன்று எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதாவது ஒரு நொடி காட்டுவார்கள். அந்த ஒரு நொடிக்குள் எல்லாம் தெரிந்துவிடும். நேர்ச்சாலை முடிந்து பிரேக் பிடிக்கும் இடத்தில் வளைவின் உள்பக்கக் காலை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து எடுத்துக் காற்றில் தொங்கவிடுவார். பல வருடங்களுக்கு முன் அவர் தொடங்கிவைத்த பழக்கம். இப்போது பாதிக் களமே அப்படித்தான் பிரேக் பிடிக்கிறது. வண்டியில் ஏறுவதற்கு முன் அதன் வலப்பக்கம் குந்தி, ஃபுட்ரெஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து இருப்பார். முதல் வரிசையில் நின்றாலும் கடைசி வரிசையில் நின்றாலும் அதைக் குறைத்ததே இல்லை. அவருக்கு இடம் மாறியது, வேலை மாறவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

2018 நவம்பரில் மலேசியாவின் செபாங்கில் ஆரம்பத்திலிருந்தே முன்னால் ஓடினார். மார்க்கஸ் பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தார். நான்கு சுற்று மீதமிருக்கும்போது முதல் வளைவில் பின்சக்கரம் வழுக்கி விழுந்தார். எழுந்து, வண்டியை நிமிர்த்தி, திரும்ப ஏறி, பதினெட்டாவதாக முடித்தார். பதினெட்டாவதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. அவர் ஜெயித்த பந்தயங்களில் பலவற்றை நான் மறந்துவிட்டேன், இது மறக்கவில்லை.

பயந்த நாளும் உண்டு. 2020 ஆகஸ்ட், ஆஸ்திரியா. மூன்றாவது வளைவுக்கு முன் ஸார்கோவும் மோர்பிடெல்லியும் மோத, ஆளில்லாத இரண்டு வண்டிகள் தடத்தின் குறுக்கே பறந்துவந்தன. மோர்பிடெல்லியின் வண்டி ரோஸ்ஸிக்கும் வின்யாலஸுக்கும் இடையே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் போனது. அந்த மோர்பிடெல்லி ரோஸ்ஸி கைபிடித்து வளர்த்த பையன். பந்தயம் நிறுத்தப்பட்டுத் திரும்பத் தொடங்கியபோது 41 வயதான அவர் மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஐந்தாவதாக வந்தார். அன்றிரவு எனக்கு 2011 அக்டோபர் 23 ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. செபாங்கில் சிமோன்செல்லி விழுந்தபோது அவர்மேல் மோதிய இரண்டு வண்டிகளில் ஒன்று ரோஸ்ஸியுடையது. அதில் இறந்துபோன சிமோன்செல்லி ரோஸ்ஸியின் நண்பர். அதைத் தாங்கிக்கொண்டு திரும்ப வந்தவரை, என் ஞாயிற்றுக்கிழமைக்காக இன்னும் ஓட்டு என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது. போதும், நிறுத்து என்று சொல்லவும் கிடையாது. அந்த முடிவு முழுக்க அவருடையது. ரசிகனால் முடிந்ததெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் கூட இருப்பதுதான்.

இடத்தை அடைத்துக்கொண்டு இளையவர் வழியை மறித்தார் என்ற குற்றச்சாட்டைத்தான் நான் பொருட்படுத்துகிறேன். மோட்டோஜிபியில் இருப்பவை இருபத்துச் சொச்சம் இருக்கைகள். ஒன்றில் ஒருவர் நீடித்தால் இன்னொருவர் வெளியே நிற்கிறார். ஆனால் தன்னைத் தோற்கடிக்கப் போகிறவர்களைத் தானே உருவாக்கியவர் இவர். சொந்த ஊரான தவுல்லியாவில் மண் தடம் அமைத்து, இளம் இத்தாலியர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். வாலென்சியாவில் அவர் பத்தாவதாக முடித்த கடைசிப் பந்தயத்தை ஜெயித்த பன்யாயா அங்கே வளர்ந்தவர்தான். ரோஸ்ஸியின் பழைய ஹெல்மெட் வடிவத்தை அணிந்துகொண்டு ஜெயித்தார், மறுவருடம் உலகச் சாம்பியனும் ஆனார். 2023 செப்டம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயை ரோஸ்ஸி அணியின் பெஸ்ஸெக்கி ஜெயித்தபோது, நம் நாட்டு மண்ணில் அவரே ஜெயித்தது போல எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மார்கழிக் கச்சேரியில் குரல் தளர்ந்த வித்வான் மேல் ஸ்தாயியைத் தொடாமலே ஒரு ராகத்தை விரிப்பார். அவருக்கு என்ன முடியவில்லை என்று கணக்கெடுக்கவா அங்கே உட்கார்ந்திருக்கிறோம்? அந்தப் பொறுமையை நாம் பந்தயக்காரருக்கும், சொல்லப்போனால் நம்மோடு வேலை பார்க்கும் மூத்தவர்களுக்கும் தருவதில்லை. முதலிடம் போனால் ஆளே போய்விட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

ரோஸ்ஸி இப்போது கார் ஓட்டுகிறார். எனக்குக் கார் பந்தயத்தில் ஈடுபாடு இருந்ததே இல்லை. அவருக்காகவே அதன் விதிகளைப் படித்துக்கொண்டேன். 2023 ஜூலையில் ஆயில் மாற்றப் போனபோது அண்ணன் கேட்டார்: “அவரு இன்னும் விடலையா?”

“விடலண்ணே. மிசானோல ஜெயிச்சிட்டாரு, கார்ல. 44 வயசு.”

“கார்லயா? வீடியோ இருக்கா, காட்டு,” என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.