எடுப்பான மூக்கும் எடுப்பான பல்லும்

செங்கற்பட்டில் இருக்கும் என் தம்பி மகள் ஒரு நாள் ஆங்கில இலக்கணப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.

"'ஸ்டாண்ட் அவுட்' என்றால் என்ன, பெரியப்பா?"

"கூட்டத்திலே தனித்துத் தெரிவது" என்றேன்.

"அது நல்லதா, கெட்டதா?"

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு என்று சொல்லிச் சமாளித்தேன். பார்க்கிறவனுக்குப் பிடித்திருந்தால் பெரும்பாலும் 'ஸ்டாண்ட் அவுட்', அதாவது தனித்து நிற்பது. பிடிக்கவில்லையென்றால் 'ஸ்டிக் அவுட்', அதாவது துருத்திக்கொண்டிருப்பது. பொருள் ஒன்றுதான், பார்க்கிறவன் மனசுதான் வேறு. தமிழில் நாம் இன்னும் சிக்கனக்காரர்கள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு காரியத்தையும் முடித்துவிடுகிறோம். மூக்கு எடுப்பாக இருந்தால் அழகு என்கிறோம். பல் எடுப்பாக இருந்தால் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லி எழுந்துவிடுகிறார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ நான் எது?" என்றாள்.

பதினைந்து வயசுக்கு அவள் மிகவும் உயரம். என்னைவிட நாலு விரற்கடை அதிகம். ஓராண்டாகக் கூன் போட்டு நடக்கிறாள். காரணம் எனக்குத் தெரியும். சென்ற வருஷம் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் வரிசையாகப் புகைப்படத்துக்கு நின்றபோது, "முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கோம்மா, நீ மட்டும் தனியாத் தெரியறே" என்று சொன்னவன் நான்தான். அன்பாகத்தான் சொன்னேன். திட்டியிருந்தால் ஒருவேளை அன்றைக்கே மறந்திருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போனோம். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் இருக்கும். செங்கற்பட்டைச் சுற்றி எத்தனையோ குன்றுகள். கொளவாய் ஏரிக்கரையில் ரெயிலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவை வெறும் பின்னணி. எந்தக் குன்றுக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்பதில்லை. கடற்கரைக் கோயிலின் பெரிய விமானம் சுமார் அறுபதடிதான். அதை இந்தக் குன்றுகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தால் ரெயிலில் போகிறவன் வெற்றிலை மடிப்பதை நிறுத்தமாட்டான். ஆனால் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் அதைக் கட்டியது தட்டையான மணற்கரையில். அதனால்தான் பிற்காலத்தில் கடல் வழியே வந்த ஐரோப்பிய மாலுமிகளுக்கு அது அடையாளமாயிற்று. ஊருக்கே 'ஏழு பகோடா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். (தின்கிற பக்கோடா அல்ல, கோபுரம்.) கோயில் தன்னைக் காட்டிக்கொள்ள ஒன்றும் செய்யவில்லை. அது அதன் உயரத்தில் நின்றது. எடுத்துக் காட்டியது மணல்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். ஒரு முறை அவளுக்கு உபதேசம் செய்து பட்டது போதாதா என்று அடக்கிக்கொண்டேன்.

அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கும் அந்தப் பெரும் பாறைக்கு முன் வந்தோம். ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளம். முதலில் கண்ணில் படுவது யானைகள். ஒரு காலில் நின்று, தலைக்கு மேலே கைகளைத் தூக்கித் தவம் செய்கிறவரைப் பிறகுதான் பார்க்கிறோம். பூனையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரிய யானையின் காலருகே, அந்தத் தவசியைப் போலவே அதுவும் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் எலிகள். எந்தச் சிற்பியின் குறும்பு இது? அவன் பெயரைக் கல்லில் எங்கும் காணோம்.

அவள் வெகு நேரம் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தான் யாருன்னு தெரியக் கூடாதுங்கிற கவலை பூனைக்குத்தானே, பெரியப்பா? யானை பாட்டுக்கு நிக்கறது" என்றாள்.

நான் யானையைப் பார்த்தேன். என்ன பதில் சொல்ல?

மாலையில் கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் ஒரு புகைப்படக்காரர் எங்களைப் பிடித்துக்கொண்டார். வரிசையாக நிறுத்திவிட்டுக் காமிராவில் கண்ணை வைத்தவர், "அந்த உயரமான பாப்பா கொஞ்சம் குனிஞ்சுக்கட்டும். தலை வெட்டுப்படுது" என்றார்.

"அவள் குனிய வேண்டாம். நீங்கள் நாலடி பின்னால் போய் எடுங்கள்" என்றேன். வேண்டியதைவிடச் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தம்பி திரும்பிப் பார்த்தான். புகைப்படக்காரர் முணுமுணுத்துக்கொண்டே புல்தரையில் பின்வாங்கினார்.

அந்தப் படம் என் மேஜைமேல் இருக்கிறது. எல்லோர் தலையும் முழுசாக விழுந்திருக்கிறது. விமானத்தின் உச்சிகூடத் தெரிகிறது. ஆனால் உற்றுப் பார்த்தால், பாவாடை மடிப்புக்குள்ளே அவளுடைய இடது முழங்கால் கொஞ்சம் மடங்கித்தான் இருக்கிறது.