யார் பேரில் புண்ணியம்?

கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த நண்பர், ராத்திரி பூட்டும்போது எட்டு மெஷினையும் அணைக்காமல் வருவார். எட்டுக்கும் அவர் பேரில் ஒரே கணக்கு. 1999-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய 'ஸெட்டி அட் ஹோம்' திட்டம் அது. ரேடியோ டெலஸ்கோப்பில் பதிவான இரைச்சலைத் துண்டு துண்டாக அனுப்புவார்கள். சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்கள் அதில் வேற்றுக்கிரகக் குரலைத் தேடும். முடித்த வேலைக்குக் கணக்கில் மார்க் ஏறும்.

மார்க் நண்பருக்கு, கரன்ட் பில் முதலாளிக்கு. "விஞ்ஞானத்துக்குத்தானேய்யா!" என்பார். என் பி.காம். புத்திக்கு உறுத்தியது. கோயில் ட்யூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதுகிறவர்கூட லைட்டைச் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்.

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நல்ல மனுஷர், சரின்னுதான் சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பார். கணக்கையும் அவர் பேருக்கு மாத்தச் சொல்லியிருப்பாரே!"

கரன்ட் பில்லைக்கூட மன்னித்துவிடலாம். இதை என்னால் முடியவில்லை.

2020 மார்ச்சில் பெர்க்லி வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. நண்பரின் சான்றிதழ் மட்டும் ஹாலில், ஃபிரேமுக்குள் தொங்குகிறது.